விலை போகாத மெழுகுவத்திக்காரர்

கில்பிரானக்,
2 டிசம்பர் 1868

அன்புள்ள ஹனோரா அக்காவுக்கு,

வெட்கக்கேடான ஒரு விஷயத்தை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க உட்கார்ந்தால் பேனா நகரமாட்டேன் என்கிறது. தேர்தல் முடிந்துவிட்டது. நம் ஊரில் வாக்குள்ள ஒவ்வொருவரையும் யாராவது ஒருவர் விலைக்கு வாங்கினார்கள். என்னை மட்டும் யாரும் வாங்கவில்லை.

இனி நலம். வீட்டுக்காரி சிசிலிக்கு முழங்கால் வலி. எனக்குத் தொப்பை. மற்றபடி மெழுகுவத்திக்குக் கொழுப்பு காய்ச்சும் நாற்றம் உட்பட எல்லாம் நீ விட்டுப்போனபடியே இருக்கின்றன. லிவர்பூல் குளிரில் ஆம்ப்ரோஸ் அத்தானின் இருமல் எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். ஊர்க்கோடியில் மூடிக்கிடக்கும், பீருக்குத் தானியம் ஊறவைக்கும் மால்ட் கிடங்கு நினைவிருக்கிறதா? அதன் கதவில் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். இருட்டியதும் போய்த் தட்ட வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், ஓட்டை வழியாக ஒரு கை பணப் பொட்டலத்தை நீட்டும். கைக்குச் சொந்தக்காரர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. டப்ளினிலிருந்து வந்த அந்நியராம். ‘நிலா மனுஷன்’ என்று பெயர் வைத்தார்கள். முகம் தெரியாவிட்டால் பின்னால் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாதே! அது வேட்பாளர் கேப்டன் லட்லோவின் ஏற்பாடு. எதிர்த்து நின்ற பாரிஸ்டர் டன்ஃபி பக்கம் இவ்வளவு நாசூக்கு இல்லை. பன்றித் தொடையை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள்.

நானும் காத்திருந்தேன். கேப்டனின் வக்கீல் ஸ்டாக்புல் நம் தெருவில் வீடு வீடாக ஏறினார், எல்லோர் காதிலும் ஏதோ சொன்னார், என் கடைக்கு முன்னால் வந்ததும் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். வணக்கம்! என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய அவமரியாதையை யாரும் எனக்குச் செய்ததில்லை.

நம் வீட்டு நிலைமை உனக்குத் தெரியாததா? தாத்தாவை வாங்கியது சர் எரஸ்மஸ். அவர் கொடுத்த கடிகாரம் இன்றும் சுவரில் ஓடுகிறது, இன்றும் நாம் அதை ‘சர் எரஸ்மஸ்’ என்றுதான் கூப்பிடுகிறோம். அப்பாவை வாங்கியது கர்னல் பாக்ஸ்டர். அவர் கொடுத்த பசுவுக்கும் கர்னல் என்றே பெயர். ‘கர்னல் இன்னைக்கு ரெண்டு வேளையும் கறந்தாரு’ என்று அம்மா பெருமையாகச் சொல்வாளே! அந்த வம்சத்தில் வந்த எனக்கு ஒரு வாத்துகூடக் கிடைக்கவில்லை.

நீ எழுதியபடி கேப்டனுக்குத்தான் வாக்களித்தேன். வழக்கப்படி மேடையேறி, யாருக்கு வாக்கு என்று ஊர் கேட்க உரக்கச் சொன்னேன். கீழேயிருந்து டோபின், அதுதான் எதிர்க்கடைக் கசாப்புக்காரன், கத்தினான்: “என்னய்யா மலாக்கி, உனக்கு எவ்வளவு தந்தாங்க?”

“ஒண்ணும் தரல,” என்றேன்.

“அடப்பாவி! சும்மாவா போட்டே?” என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கேப்டன் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்.

சிசிலியின் அன்பும் சேர்த்து,
உன் தம்பி,
மலாக்கி கான்சிடைன்

*

லிவர்பூல்,
14 டிசம்பர் 1868

அன்புத் தம்பி மலாக்கிக்கு,

உன் கடிதம் கண்டேன். அத்தானுக்கு இருமல் குறையவில்லை, ஆனாலும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறார். சிசிலியின் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்.

உனக்கு நாற்பத்தாறு வயது. யாரும் வாங்கவில்லை என்று அழுகிற வயதா இது? வராதது நல்லது என்று இரு. இதைப்பற்றி யாரிடமும் விசாரித்துக்கொண்டு திரியாதே. ஸ்டாக்புல்லிடம் வேண்டவே வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி. நம் ஃபீலிக்ஸுக்கு இங்கே சுங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்திருக்கிறது. தேயிலைக் கம்பெனியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை. ராத்திரி பகலாகப் படித்துத் தேர்வு எழுதினான். முதல் வருஷம் நடத்தை பார்ப்பார்களாம், அதன்பிறகு ஆயுளுக்கும் கவலையில்லை. அத்தான் இனி அதிக நாள் வேலைக்குப் போக முடியாது என்று வைத்தியர் சொல்கிறார். எங்களுக்கு இருப்பது இவன் ஒருவன்தான்.

கேப்டன் லட்லோ நல்ல மனிதர் என்றே நினைக்கிறேன்.

உன் அக்கா,
ஹனோரா ரோச்

*

கில்பிரானக்,
6 ஜனவரி 1869

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபீலிக்ஸுக்கு மாமனின் முத்தங்கள்! நம் வம்சத்தில் அரசாங்க நாற்காலியில் உட்காரும் முதல் பின்புறம் அவனுடையதுதான். ஒரு பெட்டி மெழுகுவத்தி அனுப்புகிறேன், தேன்மெழுகு, கொழுப்பு அல்ல. கணக்கெழுதும் பிள்ளைக்குக் கண் கெடக் கூடாது.

நீ வேண்டாம் என்று சொன்னதைத்தான் முதலில் செய்தேன். என்னை உனக்குத் தெரியாதா? டோபின் தினமும் கடைவாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “மெழுகுவத்தி வாங்குறீங்களா? இந்த ஊர்ல சும்மா கிடைக்கிற ஒரே சரக்கு மலாக்கியோட ஓட்டுதான்,” என்கிறான். எவ்வளவு நாள் பொறுப்பது? நேராக ஸ்டாக்புல் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

“என்கிட்ட ஏன் வரலன்னு தெரிஞ்சுக்கணும் சார். என் ஓட்டுல என்ன குறை?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிஸ்டர் கான்சிடைன், உங்க விஷயம்தான் எப்பவோ முடிஞ்சுபோச்சே,” என்றார். ஒரு புன்னகை வேறு.

முடிந்துபோச்சாம். செத்தவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி! சிசிலியிடம் சொன்னேன். “உங்களைக் கணக்குலயே சேர்க்கலன்னு மரியாதையா சொல்லியிருக்காரு. விடுங்க,” என்றாள். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வைத்தாள், இறங்கியது.

‘முடிஞ்சுபோச்சு’ என்றால் உனக்கு என்ன தோன்றுகிறது? நீதான் புத்திசாலி.

உன்,
மலாக்கி

*

லிவர்பூல்,
19 மார்ச் 1869

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அத்தானுக்கு நெஞ்சில் சளி கட்டி மிகவும் கஷ்டப்பட்டார். இப்போது எழுந்து உட்காருகிறார். மெழுகுவத்தி வந்து சேர்ந்தது. ஃபீலிக்ஸ் ஒன்றைக்கூடக் கொளுத்தவில்லை, மேஜைமேல் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவன் வேலை நன்றாகப் போகிறது. கப்பல்காரன் ஒருவன் ஒரு புட்டி ரம் நீட்டினானாம். பிள்ளை முகம் சிவந்து திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான்: “நான் யாருக்கும் கடன்படலம்மா. எழுதி ஜெயிச்ச வேலை.” நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இங்கே பனி விட்டுவிட்டது. உருளைக்கிழங்குதான் விலை ஏறிவிட்டது. ஸ்டாக்புல்லிடம் மறுபடி போகாதே.

உன் அக்கா,
ஹனோரா

*

கில்பிரானக்,
30 மே 1869

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எழுந்து உட்கார்ந்த செய்தி கேட்டு கோவிலில் நம் கடை வத்தியிலேயே பெரிதாக ஒன்று ஏற்றினேன். இங்கே நாங்கள் சௌக்கியம். ஊர்தான் சௌக்கியமில்லை.

டன்ஃபி தரப்பு வழக்குப் போட்டது உனக்குத் தெரியும். நீதிபதி வந்தார், கேட்டார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், கேப்டனின் வெற்றி செல்லாது என்று சொல்லிவிட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுபடி தேர்தல், மறுபடி பன்றித் தொடை என்று டோபின் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். ஆனால் இந்த ஊருக்குப் பாராளுமன்ற உறுப்பினர் என்று ஒருவர் இருக்கத் தகுதி உண்டா என்று விசாரிக்க லண்டனிலிருந்து ஒரு கமிஷனே வரப்போகிறதாம்!

கமிஷனின் குமாஸ்தா ஒரு பையன் முன்கூட்டியே வந்து ஊர் சரித்திரம் கேட்டான். எல்லோரும் என் கடையைக் கை காட்டிவிட்டார்கள். வாய் உள்ளவன் நான்தானே! டப்ளினில் பாராளுமன்றம் இருந்த காலத்தில் நமக்கு இரண்டு உறுப்பினர்கள், நம் நாட்டை லண்டனோடு சேர்த்துக் கட்டியபோது அதை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள், ‘பாதி வரும்படி போச்சே’ என்று தாத்தா துக்கம் கொண்டாடினார் என்று சொன்னேன். பையன் எழுதிக்கொண்டான். மிஸ்டர் லாஸ்கோம் கதையையும் சொன்னேன். பதினோரு வருஷம் நம் உறுப்பினராக இருந்து, ஒருநாளும் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்காமல், ஒவ்வொரு தேர்தலுக்கும் கில்பிரானக்குக்குத் துறைமுகம் கட்டித் தருவேன் என்று எழுதி அனுப்பினவர். கடல் இங்கிருந்து ஒரு நாள் பயணம்.

“அவருக்கு யாரும் சொல்லலையா?” என்று கேட்டான் பையன்.

“ஏன் சொல்லணும்? துறைமுகம் கொடுக்கிறேன்னு வர்ற மனுஷனை ஏன் தடுக்கணும்?” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அவன் கிளம்பிப் போனபிறகு, என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். நூற்றாண்டுக் கணக்காக எத்தனை பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறோம்! அவர்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் ஒரு கடிகாரம், ஒரு பசு, இல்லாத ஒரு துறைமுகம். முதல்முறையாகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

உன்,
மலாக்கி

*

லிவர்பூல்,
22 ஆகஸ்ட் 1869

மலாக்கி,

அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில்தான் இருக்கிறார். இப்போது ஃபீலிக்ஸ் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவனுக்கு நடத்தை பார்க்கும் காலம் டிசம்பரோடு முடிகிறது.

கவனமாகப் படி. உன்னைக் கூண்டில் ஏற்றினால், யாரும் என்னிடம் வரவில்லை, யாரும் எதுவும் தரவில்லை, என் இஷ்டப்படி வாக்களித்தேன் என்று மட்டும் சொல். அது உண்மைதானே? உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கு. வேடிக்கை பேசாதே. ஒரு சொல் கூடுதலாகப் பேசாதே. நம் அம்மா மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்டா.

ஹனோரா

*

கில்பிரானக்,
20 அக்டோபர் 1869

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் வீட்டோடு இருப்பது ஒருவகையில் நல்லது, நெஞ்சுக்கு ஓய்வு. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சிசிலி என்னோடு பேசுவதில்லை. காரணம் கீழே.

நீ சொன்னபடி உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக. சிசிலியும் வாசல்வரை வந்து சொன்னாள்: “‘யாரும் வரல’ன்னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு வாங்க. அதுக்குமா கூச்சம்?”

கூச்சம்தான் அக்கா. நீ அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். நீதிமன்றம் நிறைய நம் ஆட்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறி, தலையைக் குனிந்துகொண்டு, வாங்கினேன், வாங்கினேன் என்கிறார்கள். ஒளிக்காமல் சொன்னவர்களுக்குத் தண்டனை இல்லை என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஏறினார், அழுதுவிட்டார். சவப்பெட்டி செய்கிற கிழவர் ஏறினார், பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவரால் பேசவே முடியவில்லை. இவர்களுக்கெல்லாம் பின்னால் நான் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, நான் வாங்கவில்லை என்று சொன்னால் அது எப்படி இருக்கும்? ஊரே சேற்றில் நிற்கும்போது வெள்ளைச் சட்டையோடு ஒருவன்! ஒன்று, என்னைப் பொய்யன் என்பார்கள். இல்லையென்றால் புண்ணியவான் என்பார்கள். இரண்டாவதைத்தான் இந்த ஊர் மன்னிக்காது. போதாததற்கு டோபின் முன்வரிசையில் உட்கார்ந்து, ‘சும்மா கிடைச்ச சரக்கு’ என்று உதட்டை அசைத்துக் காட்டுகிறான்.

கமிஷனர் கேட்டார்: உங்களுக்கு ஏதாவது கொடுக்கப்பட்டதா?

“கொடுத்தாங்க ஐயா,” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதும் ஒரு சுகம். ஊரோடு சேர்ந்துவிட்டேன்.

“எங்கே கொடுத்தார்கள்?”

“கிடங்குல ஐயா. ஓட்டை வழியா ஒரு கை.”

“எந்தக் கை?”

“வலது கை ஐயா. தோல் உறை போட்டிருந்துச்சு.”

கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு! எனக்கு எப்படித் தெரியும் அக்கா? அது இடது கையாம். உறையே கிடையாதாம். சுண்டுவிரல் கோணலாம். ஊரில் பாதிப்பேர் அந்த விரலை இருட்டில் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது தெரியாத ஒரே வாக்காளன் நான்.

“யோவ் மலாக்கி, நீ எந்த ஓட்டைக்குப் போனே? எலி வளைக்கா?” என்று டோபின் கத்தினான். அழுதுகொண்டிருந்த வாத்தியார்கூடச் சிரித்தார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிரிப்பை அடக்க ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அங்கேயே செத்துவிடுவேன் போலிருந்தது.

“கை எதுவா இருந்தா என்ன? எனக்குக் கொடுத்தது பொட்டலம் இல்ல ஐயா! என் ஓட்டுக்குப் பதிலா என் அக்கா மகன் ஃபீலிக்ஸ் ரோச்சுக்கு லிவர்பூல் சுங்க அலுவலகத்துல வேலை! இங்க எவனுக்காவது அவ்வளவு விலை உண்டா?” என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. வக்கீல் ஸ்டாக்புல்லின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், என் கடையிலிருக்கும் மிக வெளுத்த வத்தி தோற்றது! அப்படி ஒரு கற்பனை எனக்கு எங்கிருந்து வந்ததோ. எனக்குச் சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம். ஃபீலிக்ஸ் பெயரை முழுதாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் இந்தக் குட்டி ஊரில் ஒரு மெழுகுவத்திக்காரன் உளறியது அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளை படித்து வாங்கிய வேலை. உண்மை இருக்கும்போது பொய் என்ன செய்துவிடும்?

ஒரு வரி எழுது.

உன்,
மலாக்கி

*

கில்பிரானக்,
18 டிசம்பர் 1869

அக்காவுக்கு,

பதில் இல்லை. அத்தானுக்கு உடம்பு மோசமோ என்று பயமாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாத்து அனுப்பியிருக்கிறேன். டோபினிடம் வாங்கியதுதான், பணம் கொடுத்து. பொட்டலம் கட்டும்போது அவன் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “லிவர்பூல் பேப்பர்ல வந்திருக்காமே?” என்று மெதுவாகக் கேட்டான்.

என்ன வந்திருக்கிறது அக்கா? திட்டியாவது எழுது.

மலாக்கி

*

லிவர்பூல்,
11 பிப்ரவரி 1870

தம்பிக்கு,

வாத்து வந்தது. அத்தான் கொஞ்சம் சூப்பு குடித்தார். நான் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறேன்.

பேப்பரில் நான்கு வரி வந்தது. மறுநாளே ஃபீலிக்ஸை மேலதிகாரி கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். எழுத்தர் சட்டையை நான் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். “மாமா ஏம்மா இப்படி ஒரு பொய் சொன்னாரு? நான் அவருக்கு என்ன பண்ணினேன்?” என்று ஒரே ஒருமுறை கேட்டான். அதனால்தான் இத்தனை மாதமாக என்னால் உனக்கு எழுத முடியவில்லை.

அது பொய் இல்லை, மலாக்கி.

தேர்தலுக்கு முந்தைய செப்டம்பரில் ஸ்டாக்புல் வேறு வேலையாக லிவர்பூல் வந்திருந்தார். ஊர்க்காரர் என்று வீட்டுக்கு அழைத்து டீ கொடுத்தேன். “உங்க தம்பி யார் பக்கம்?” என்று பேச்சுவாக்கில் கேட்டார். அவர் எதையும் நீட்டவில்லை. நான்தான் கேட்டேன்: “அவன் ஓட்டு என் கையில. என் பையனுக்கு என்ன செய்வீங்க?” கேப்டன் ஒரு வார்த்தை எழுதினால் சுங்கத்தில் இடம் கிடைக்கும் என்றார். சரி என்றேன். “ஒரே ஒரு விஷயம். என் தம்பிகிட்ட மட்டும் போகாதீங்க. காலையில சொன்னா சாயங்காலத்துக்குள்ள கடை முழுக்கப் பரப்பிடுவான்,” என்றேன். உன் வாய்க்குப் பயந்துதான் உன்னை யாரும் வாங்க வரவில்லை. அதன்பிறகு உனக்கு எழுதினேன், கேப்டனுக்கே போடு என்று. நீ காரணம்கூடக் கேட்காமல் போட்டாய்.

பிள்ளை படித்துப் படித்துக் கண் சிவந்து கிடந்தபோது நான் உள்ளே ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தேன். எப்படியும் கிடைக்கும் என்று எனக்குத் தெரியுமே. அவன் ஜெயித்தேன் என்று வந்து நின்றபோது அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

இதை எரித்துவிடு. உன்னிடம் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது.

ஹனோரா

*

கில்பிரானக்,
3 மே 1870

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கொழுப்புக் கொட்டகையில் நின்று படித்தேன், அடுப்பில் போட்டுவிட்டேன். சிசிலிக்குக்கூடச் சொல்லவில்லை. நான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பது இதுதான் முதல் தடவை. இதை எப்படி நீ ஒன்றரை வருஷம் சுமந்தாய்?

உன்னிடம் மறைப்பதற்கில்லை. படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடேயப்பா, என்னையும் வாங்கியிருக்கிறார்கள்! அதுவும் ஊரிலேயே பெரிய விலைக்கு! கொப்பரை முன்னால் நின்று இளித்தேன். மூட்டை தூக்கும் ஃபீலிக்ஸ் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தான். அந்த வரிசையை நினைத்தால், இதை எழுதும்போதும், காது சூடாகிறது. இத்தனை நாளும் ஊர் என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் அவமானம் என்று நினைத்திருந்தேன்.

கமிஷனின் அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. கில்பிரானக்குக்கு இனி உறுப்பினர் கிடையாது. நம் தொகுதியையே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள், பாராளுமன்றம் சட்டம் போட வேண்டியதுதான் பாக்கி. ஊரில் யாரும் யார் கண்ணையும் பார்ப்பதில்லை. டோபின் தன் சான்றிதழைக் கொக்கியில் பன்றித் தொடைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான், அதைக்கூடக் கழற்றிவிட்டான். “இனிமே நம்மள யாரு தேடி வருவாங்க?” என்று என்னிடமே வந்து கேட்டான். கிண்டலாக இல்லை.

அதில் என்னைப் பற்றியும் இருக்கிறது. அப்படியே பிரதி எடுத்து அனுப்புகிறேன்: ‘மெழுகுவத்தி வியாபாரி மலாக்கி கான்சிடைன் என்னும் சாட்சியின் பேச்சில் ஒரு சொல்லையும் நாங்கள் நம்பவில்லை. வீண் பெருமைக்காக, தன் உறவினரான இளைஞர் ஒருவரின் பெயரையும் இழுத்துள்ளார். இவரை விலைக்கு வாங்க எவரும் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை.’

புரிகிறதா? உன் தம்பி பொய்யன் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. அச்சான அறிக்கை அங்கேயும் கிடைக்கும், அதை எடுத்துக்கொண்டு ஃபீலிக்ஸோடு சுங்க அலுவலகத்துக்குப் போ. என்னை எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் ஆமாம் என்று சொல். நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டால் போதும், பிள்ளை தப்பித்துவிடுவான். என் வாயைத்தானே சந்தேகப்படுகிறாய்? இந்தமுறை நம்பு.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன்,
மலாக்கி

*

லிவர்பூல்,
9 ஜூன் 1870

அன்புத் தம்பிக்கு,

வெயில் வந்ததிலிருந்து அத்தானின் இருமல் பாதியாகிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். சிசிலியின் முழங்கால் எப்படி? நீ அவளிடம் பேசுகிறாயா, அவள் உன்னிடம் பேசுகிறாளா?

போனோம். மேலதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “எல்லாக் குடும்பத்துலயும் இப்படி ஒரு மாமா இருப்பாரும்மா,” என்றார். நீ சொன்னபடி ஆமாம் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து ஃபீலிக்ஸ் வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது அவன் எனக்கு முன்னால் விலகி நடந்தான். தெருவைக் கடக்கும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டான், வீட்டு வாசலில் விட்டுவிட்டான். உனக்கு அவன் எழுதுவான் என்று எதிர்பார்க்காதே. அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே எத்தனை நாளாகுமோ.

உன் அக்கா,
ஹனோரா

பி.கு. நீ வாயை மூடிக்கொண்டாய், என்னால்தான் முடியவில்லை. கிளம்பும்போது, பிள்ளை பக்கத்தில் நிற்பதை மறந்து, “அப்போ கேப்டன் லட்லோ எழுதின சிபாரிசும் செல்லும்தானேங்க?” என்று கேட்டுவிட்டேன். “எந்தக் கேப்டன்?” என்றார் அவர். ஃபீலிக்ஸுக்காகச் சிபாரிசு எழுதியது அவன் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த தேயிலைக் கம்பெனி முதலாளியாம். கேப்டனிடமிருந்து ஒரு வரிகூட வந்ததில்லை.